இடைவேளையில் இருப்பவர்: வெண்பொருள், மனநிலை, நம் சொல்லாடல்கள்

1

நண்பர் ஒருவர். கவிதை எழுதுகிறவர், தொழிற்சங்க வேலையும் பார்க்கிறவர். பதினைந்து வருஷமாக அவருக்கு 'பைபோலார்' இருக்கிறது. தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறோம். மேனியா ஏறும்போது இரண்டு வாரம் தூங்காமல் எழுதிக் குவிப்பார், கடன் வாங்கி அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுவார், நடுராத்திரியில் போன் பண்ணிப் புரட்சிக்குத் தேதி சொல்வார். இறங்கும்போது மாதக்கணக்கில் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், நம் எல்லோரையும் போலத்தான் இருப்பார்.

அப்படி நன்றாக இருந்த ஒரு காலத்தில், தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வெள்ளை நரம்புல டேமேஜ் இருக்காம் தோழர். ஒயர் அறுந்து போச்சுங்கற மாதிரி சொல்றாங்க. அறுந்தது அறுந்ததுதானே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். அதே வாரத்தில் இன்னொருவர் அவரிடம் நேரெதிராகப் பேசினார்: "ஸ்கேனாவது ஒண்ணாவது. மனநோய்ங்கறதே அதிகாரம் கட்டின சொல்லாடல். ஃபூக்கோ படிச்சவர் நீங்க, இதை நம்புறீங்களே." ஒன்று நோயை மூளைக்குள் நிரந்தரமாக அறைந்துவிடுகிறது. மற்றது நோயே இல்லை என்கிறது. எதிரெதிரான இரண்டு வாதங்களும் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒன்றுதான். அவர் லித்தியம் மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் மேனியா. ஆஸ்பத்திரி. வேலையும் போயிற்று.

அந்த இன்னொருவர் நான்தான். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, மொழிபெயர்ப்பில் ஃபூக்கோவையும் ஆர்.டி. லெய்ங்கையும் வாசித்த தைரியத்தில் பேசிய பேச்சு அது. அதற்குப் பிறகுதான் இந்த 'வெள்ளை நரம்பு' என்ன, மனநிலை மாறும்போது அதில் என்ன மாறுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் ஒரு பழைய தகராறு. ஃபூக்கோவின் 1961ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பெரும் அடைப்பின் களங்களில் ஒன்றாக வருமே, பாரீஸின் சால்பெட்ரியேர், அங்கே பணியாற்றிய இரண்டு மருத்துவர்கள் 1854இல் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ஜான் பியேர் ஃபால்ரே. மற்றவர் ஜூல் பையார்ஜே. எழுச்சியும் சோர்வும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. 'இரட்டை வடிவப் பித்து' என்றார் பையார்ஜே. 'வட்டப் பித்து' என்றார் ஃபால்ரே. யார் முதலில் சொன்னது என்பதுதான் வெளிச்சண்டை. உள்ளே வேறொரு வித்தியாசம் இருந்தது. ஃபால்ரேயின் வட்டத்தில் மூன்று பகுதிகள்: எழுச்சி, சோர்வு, இரண்டுக்கும் இடைப்பட்ட தெளிந்த இடைவேளை. அதாவது நன்றாக இருக்கும் காலத்தையும் அவர் நோயின் வட்டத்துக்குள்ளேயே வைத்தார். பையார்ஜேக்கு இரண்டு முகங்கள் போதும்.

1899இல் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் இதையெல்லாம் 'மேனிக் டிப்ரெஸிவ்' பித்து என்ற ஒரே பெயருக்குள் திரட்டினார். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் ஒருமுனை, இருமுனை என்று பிரித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு 'பைபோலார் டிஸ்ஆர்டர்' என்ற பெயரை நிலைப்படுத்தியது. பெயர்கள் கட்டமைக்கப்படுகின்றன என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் ஃபால்ரேயின் கேள்வி அப்படியே நிற்கிறது. இடைவேளையில் இருப்பவர் யார்? குணமானவரா, நோயாளியா? நண்பர் மாத்திரையை நிறுத்தியது இடைவேளையில்தான். இந்த நோயில் பலர் அப்போது நிறுத்துகிறார்கள்.

இன்றைய மூளை ஆய்வு இதே கேள்வியை வேறு மொழியில் கேட்கிறது. மூளையில் தெரியும் ஒரு வித்தியாசம் அந்த நபரிடம் எப்போதும் இருக்கும் 'தன்மை'யா, அல்லது எபிசோடு வரும்போது வந்து போகும் 'நிலை'யா?

3

மூளையை வெட்டினால் இரண்டு நிறம் தெரியும். மேலே சாம்பல், உள்ளே வெள்ளை. சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. வெண்பொருள் அந்த அணுக்களிலிருந்து நீளும் இழைகளின் கட்டு. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைப்பவை இந்த இழைகள். ஒருவர் மூளையில் உள்ள உறையிட்ட இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் 'கார்ப்பஸ் கலோசம்' என்ற பாலத்தில் மட்டும் சுமார் 20 கோடி இழைகள்.

வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது? இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையிலிருந்து. உறையில்லாத இழையில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் ஊரும். உறையுள்ள தடித்த இழையில் விநாடிக்கு நூறு மீட்டரைத் தொடும். ஆகவே உறை என்பது வெறும் காப்பு அல்ல. வெவ்வேறு தூரத்திலிருந்து கிளம்பும் செய்திகள் எப்போது வந்து சேர வேண்டும் என்ற நேரக்கணக்கை அதுதான் நடத்துகிறது.

'ஒயர்' என்ற உவமை இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒயர் செத்த பொருள். மயலினை உருவாக்கிப் பராமரிப்பவை உயிருள்ள அணுக்கள். பிறந்தபின் பல பத்தாண்டுகள் இந்த வேலை நடக்கிறது. நெற்றிப் பக்கத்து வெண்பொருள் முதிர இருபதுகளும் கடந்துபோகும். (பைபோலார் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம். சேர்த்து யோசிப்பது வேறு, காரணம் என்று முடிவுகட்டுவது வேறு.) வளர்ந்தவர்களிடமும் மாற்றம் நிற்பதில்லை. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆறு வாரம் பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைப் பழகியவர்களின் வெண்பொருளில் அளக்கத்தக்க மாற்றம் தெரிந்தது. 2014இல் எலிகளில் நரம்பணுக்களைத் தூண்டியபோது மயலினை உருவாக்கும் அணுக்கள் பெருகின. 'அறுந்தது அறுந்ததுதான்' என்ற தர்க்கம் இதற்குப் பொருந்தாது.

4

இனி, அளப்பது எப்படி? மண்டையைத் திறக்காமல் மயலினை நேரடியாகப் பார்க்க முடியாது. பார்ப்பது தண்ணீரை. ஒரு தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் வட்டமாகப் பரவும். அதே சொட்டை ஈர வாழைநாரில் விட்டால் நாரின் நீளவாக்கில் ஓடும், குறுக்கே அவ்வளவாகப் போகாது. மூளைக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளும் அப்படித்தான், இழைகளின் போக்கில் எளிதாக நகரும். எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று எம்.ஆர்.ஐ.யால் அளந்து கணக்கிடும் முறையை 1994இல் பாஸர், மட்டியெல்லோ, லெ பியான் மூவரும் வகுத்தார்கள். டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங், சுருக்கமாக டி.டி.ஐ. இதில் அதிகம் புழங்கும் எண் 'எஃப்.ஏ.' என்பது. 0 என்றால் நீர் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நகர்கிறது. 1ஐ நெருங்க நெருங்க ஒரே திசையில் நகர்கிறது.

பத்திரிகைகளில் வரும் வண்ணவண்ண மூளை இழைப் படங்கள் புகைப்படங்கள் அல்ல. நீரின் நகர்விலிருந்து கணக்குப்போட்டு வரைந்த பிரதிகள். பிரதியை வாசிப்பதில் என்னென்ன சிக்கல் உண்டோ அத்தனையும் இங்கேயும் உண்டு. எஃப்.ஏ. குறைந்தால் மயலின் கெட்டுவிட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது. அளக்கும் ஒவ்வொரு சிறு கட்டமும் பக்கத்துக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர். அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். இரண்டு கட்டு இழைகள் குறுக்கும் நெடுக்கும் போகும் இடத்தில் எந்த நோயும் இல்லாமலேயே எண் குறையும். வீக்கத்தால், இழைகளுக்கு வெளியே நீர் கூடுவதால், இழைகள் அடர்த்தி குறைவதால், எதனாலும் குறையலாம்.

நண்பரின் ஃபிலிமில் இருந்தது இதுவும் அல்ல. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருளுக்குள் பிரகாசமாகத் தெரியும் சிறு புள்ளிகள் அவை. பைபோலார் உள்ளவர்களிடம் இந்தப் புள்ளிகள் சற்று அதிகம் காணப்படுகின்றன என்பது 1980களின் பிற்பகுதியிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் வயது ஏறினாலும், ரத்தக்கொதிப்பு இருந்தாலும், ஒற்றைத் தலைவலி இருந்தாலும் வரும். மனநோயே அறியாத ஆயிரம் பேர் மூளையில் இவை இருக்கும். தலைவலிக்கு எடுத்த படத்தை மனநோயின் சாட்சியாக வாசித்தது ஸ்கேன் இயந்திரம் அல்ல, அதைச் சுற்றி நின்ற மனிதர்கள்.

5

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். 2019இல் 'எனிக்மா' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 3033 பேரின் டி.டி.ஐ. அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவர்களில் 1482 பேர் பைபோலார் உள்ளவர்கள். முடிவு: அவர்களிடம் எஃப்.ஏ. சராசரி மூளையின் பல இடங்களில் குறைவாக இருக்கிறது. கார்ப்பஸ் கலோசத்திலும், உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகளை இணைக்கும் சிங்குலம் என்ற கட்டிலும் அதிகமாகத் தெரிகிறது. ஆக, "எல்லாம் வெறும் சொல்லாடல்தான்" என்று நான் சொன்னது நிற்கவில்லை. சொல்லாடலுக்கு மூளையில் நீர் நகரும் திசையை மாற்றும் சக்தி உண்டென்று நிரூபித்தால் ஒழிய நிற்காது.

ஆனால் எவ்வளவு குறைவு? மிகப் பெரிய வேறுபாடே அரை திட்டவிலகலைத் தொடவில்லை. எளிதாகச் சொன்னால், நோயுள்ளவர், இல்லாதவர் என்ற இரண்டு கூட்டங்களின் எண்களையும் இரண்டு மேடாக வரைந்தால், ஐந்தில் நான்கு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். ஒரு தனி மனிதரின் படத்தைக் காட்டி இவர் எந்த மேட்டைச் சேர்ந்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றும் பைபோலாரை ஸ்கேன் பார்த்து நிர்ணயிப்பதில்லை. உட்கார்ந்து பேசித்தான், வருஷங்களின் கதையைக் கேட்டுத்தான் நிர்ணயிக்கிறார்கள். ஸ்கேன் எடுப்பது கட்டியோ வேறு கோளாறோ இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

இது 'தன்மை'யின் பக்கம். 'நிலை'யின் பக்கமும் தடயங்கள் உண்டு. 2009இல் ஸானெட்டியும் சகாக்களும் பைபோலார் சோர்வில் இருப்பவர்களை, தெளிந்திருப்பவர்களோடும் நோயில்லாதவர்களோடும் ஒப்பிட்டு, நிலையைச் சார்ந்த மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். எழுச்சி, சோர்வு, தெளிவு என்று மூன்று நிலைகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பிறகு வந்தன. பொதுவான போக்கு இது: எபிசோடு நடக்கும்போது வேறுபாடு பரவலாகத் தெரிகிறது, தெளிந்த காலத்தில் சுருங்குகிறது, ஆனால் முழுக்க மறைவதில்லை. ஃபால்ரே 1854இல் போட்ட வட்டம் இங்கே திரும்ப வருகிறது. இடைவேளை வெறும் இன்மை அல்ல. அதுவும் ஒரு நிலை, அதற்கும் ஒரு உடல் இருக்கிறது.

6

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது நம் பழைய ஆயுதங்கள் சில உதவத்தான் செய்கின்றன. அவற்றை மனநோய் இல்லை என்று நிறுவ எடுக்காமல், ஆய்வு எப்படி நடந்தது என்று கேட்க எடுக்க வேண்டும்.

ஒன்று. மேனியாவில் இருப்பவர் மத்தளம்போல் சத்தமிடும் குழாய்க்குள் அரைமணி நேரம் அசையாமல் படுப்பாரா? அசைந்தால் படம் கலையும். தலையசைவே இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிக் காட்டும் என்பது இந்தத் துறை தானே கண்டறிந்த உண்மை. அசையாமல் படுத்து, ஒப்புதல் கையெழுத்தும் போட்டவர் என்றால், அவர் மேனியாவின் மிதமான பகுதியைச் சேர்ந்தவர். உக்கிரத்தில் இருந்தவர் ஆய்வுக்கு வெளியே நின்றுவிட்டார். பைத்தியத்தின் குரல் ஆவணத்தில் இல்லை என்று ஃபூக்கோ சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள்.

இரண்டு. பெரும்பாலான ஆய்வுகள் ஒரே நபரை எழுச்சியிலும் சோர்விலும் தெளிவிலும் பின்தொடரவில்லை. இன்று எழுச்சியில் இருக்கும் இருபது பேரை, இன்று சோர்வில் இருக்கும் வேறு இருபது பேரோடு ஒப்பிடுகின்றன. மழைக்காலத்தில் ஒரு ஊரையும் வெயிலில் இன்னொரு ஊரையும் படம் எடுத்துவிட்டு, பருவம் மாறும்போது ஊர் எப்படி மாறுகிறது என்று சொல்வதுபோல இது. மாற்றம் என்று சொல்ல, அதே ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மூன்று. தூக்கம். மேனியாவில் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறையும். ஆரோக்கியமானவர்களை ஒரு இரவு தூங்கவிடாமல் வைத்து அளந்தபோதே டி.டி.ஐ. எண்கள் மாறியிருக்கின்றன. காலைக்கும் மாலைக்கும்கூட எண்கள் சற்று வேறுபடும். அப்படியானால் நிலையோடு வந்துபோகும் வேறுபாட்டில் ஒரு பங்கு, உறை கரைந்து மறுபடி முளைத்ததால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, நீரின் இருப்பும் பங்கீடும் மாறியதால் வந்ததாகவும் இருக்கலாம். சில வாரங்களில் வந்து போகும் ஒன்றை 'டேமேஜ்' என்று அழைப்பது மொழியின் வன்முறை.

நான்கு. மருந்து. எபிசோடில் இருப்பவரும் தெளிந்திருப்பவரும் ஒரே மருந்தை ஒரே அளவில் சாப்பிடுவதில்லை. நிலையின் வேறுபாடு எது, மருந்தின் வேறுபாடு எது என்று பிரிப்பது எளிதல்ல.

7

மருந்து என்றதும் நம் சூழலில் ஒரு பதில் தயாராக இருக்கும்: மருந்துக் கம்பெனிகளின் சதி. பல மருந்துகளின் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு. லித்தியம் விஷயத்தில் அது பொருந்தவில்லை. அது ஒரு சாதாரண உப்பு. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு அது பயன்படுவதை எழுதினார். யாரும் காப்புரிமை கோர முடியாத, விலை மலிவான பொருள் என்பதால் கம்பெனிகளுக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அமெரிக்காவில் மேனியாவுக்கு ஒப்புதல் கிடைக்கவே 1970 ஆயிற்று. சந்தையின் தர்க்கத்தை விமர்சிப்பவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு மலிவான மருந்து ஏன் இன்னும் பரவலாகப் போய்ச் சேரவில்லை என்பது.

எனிக்மா ஆய்வில் லித்தியம் எடுப்பவர்களின் எஃப்.ஏ. எண்கள், எடுக்காத நோயாளிகளைவிடச் சற்று உயர்ந்திருந்தன. லித்தியம் வெண்பொருளைக் காக்கிறது என்று இதை வைத்தே தீர்ப்பெழுத முடியாது. லித்தியம் யாருக்கு ஒத்துப்போகிறதோ அவர்கள் தொடக்கத்திலேயே வேறு வகையினராக இருக்கலாம். ஆனால் 'மாத்திரைதான் மூளையைக் கெடுக்கிறது' என்று நம்மிடையே உலவும் பேச்சுக்கு இந்த எண்கள் ஆதரவு தரவில்லை. லித்தியம் விளையாட்டுப் பொருளும் அல்ல. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும். திடீரென்று நிறுத்துவது தனியாக ஒரு ஆபத்து: நோய் வேகமாகத் திரும்புகிறது, தற்கொலை அபாயம் கூடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் அது மருத்துவரோடு பேசி, மெதுவாகக் குறைத்துச் செய்யும் காரியம். டீக்கடை பெஞ்சில் ஒரு விமர்சகன் சொல்லிச் செய்கிற காரியம் இல்லை.

8

மூளையைப் பேசினால் சமூகம் காணாமல் போய்விடும் என்ற பயம் நமக்கு உண்டு. எனக்கும் இருந்தது. வெண்பொருளைப் படித்தபிறகு அந்தப் பயம் குறைந்திருக்கிறது. தூக்கத்துக்கும் பழக்கத்துக்கும் அசைந்து கொடுக்கிற ஒன்றை, ஷிப்டு வேலை, கடன், வேலையிழப்பு, தனிமை இவற்றிலிருந்து பிரித்து எப்படிப் பேச முடியும்? மூளை சமூகத்துக்கு வெளியே இருக்கும் பொருள் இல்லை. உயிரியல் என்றாலே விதி, சமூகம் என்றாலே மாறக்கூடியது என்ற இருமை எதிர்வைத்தான் நாம் முதலில் கட்டுடைத்திருக்க வேண்டும். நாம் அதன் ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

இன்னொன்றும் செய்தோம். பித்தைக் கவித்துவமாக்கினோம். 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் 1984இல் தன்னை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவருடைய நோயைக் கவிதைக்குச் சான்றாகவும், கவிதையை நோய்க்குச் சான்றாகவும் மாற்றி மாற்றி வாசித்தோம். அந்த வாசிப்பில் இடைவேளைக்கு இடமே இல்லை. எழுச்சியில் இருக்கும் கவிஞன் நமக்குச் சுவாரஸ்யம், சோர்வில் இருப்பவன் துயரக் காவியம். காலையில் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, மாலையில் பிழைதிருத்தம் பார்க்கிறவன் யாருக்கும் வேண்டாம்.

நண்பர் இப்போது மறுபடி லித்தியத்தில் இருக்கிறார். இரண்டு வருஷமாக இடைவேளை நீள்கிறது. இந்தக் கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஃபால்ரேயைப் பற்றிய பகுதி அவருக்குப் பிடித்திருந்தது. "அது சரி, ஆனா ஒண்ணு எழுதுங்க. உங்க கூட்டமெல்லாம் ஏன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நடக்குது?" என்றார்.

கேள்வி நியாயமானது. தூக்கம் கெடுவது மேனியாவைத் தூண்டும் என்பது இந்த நோயைப் பற்றி நன்றாக நிறுவப்பட்ட விஷயங்களில் ஒன்று. நம் இலக்கியச் சந்திப்புகள், பயிலரங்குகள், போராட்டக் குழுக் கூட்டங்கள் எல்லாம் விடிய விடியப் பேசுவதையும் குடிப்பதையும் ஈடுபாட்டின் அளவுகோலாக வைத்திருக்கின்றன. பத்து மணிக்குப் படுக்கப் போகிறேன் என்று எழுந்திருப்பவரை 'குடும்பஸ்தன் கிளம்பிட்டான்' என்று கேலி பண்ணுகிறோம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இரண்டு நாள் சந்திப்பை இரவு ஒன்பது மணிக்கு முடிப்பது, படுக்க அமைதியான தனி அறை ஒன்றை ஒதுக்குவது என்று சில நண்பர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். இதைப் பற்றியும், மேலே நான் சொன்ன எதைப் பற்றியும் மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும், குறிப்பாக இந்த நோயோடு வாழ்கிற வாசகர்கள். அவர்களைப் பற்றி இதுவரை நாம்தான் பேசிக்கொண்டிருந்தோம்.